காலிஃபிளவர் ரைஸைத் தண்ணீரில் வேகவைக்க வேண்டாம்
சாதத்துக்குப் பதிலாகச் சாப்பிடும் காலிஃபிளவர் ரைஸ் செய்ய, துருவிய காலிஃபிளவரைப் பத்து நிமிடம் தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும் என்று இந்தச் செய்முறைக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 92 கிராம் தண்ணீர்தான். மறுபடியும் தண்ணீரில் போட்டால் உதிரியாக வராது, குழைந்துவிடும். பச்சைக் காயில் 100 கிராமுக்குச் சுமார் 48 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, அதில் நல்ல பங்கு வடித்த தண்ணீரோடு போய்விடும். நான் பூக்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து அரிசி அளவுக்கு உடைத்துக்கொள்வேன். அகலமான வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூடாமல், நல்ல தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் போதும். உப்பு கடைசியில்தான், முன்னாடியே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். காலிஃபிளவர் வேகும் வாடை தாங்கவில்லை என்று கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதிக நேரம் வேகும்போதுதான் கந்தகச் சேர்மங்கள் கிளம்பி அந்த வாடை தூக்கலாக வரும், நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்புறம், சாதத்தைவிட இதில் மாவுச்சத்து குறைவு என்பது சரிதான்: வெள்ளைச் சாதம் 100 கிராமில் சுமார் 28 கிராம், இதில் 5 கிராம். ஆனால் அதனாலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் திடீரென்று சாதத்தை நிறுத்தி இதற்கு மாறினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டு மாறுங்கள் என்று ஒரு வரியாவது கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டும்.