சம்பள அட்டவணையோடு கணக்கு முடிவதில்லை
கலிபோர்னியாவில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளி மாவட்டங்களில் (ஆசிரியரை வேலைக்கு வைத்துச் சம்பளம் தரும் உள்ளூர் அமைப்புகள்) எதில் சேரலாம் என்று தயங்கும் ஆசிரியர், சம்பள அட்டவணையை ஒப்பிட்டாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அப்படி நம்பித்தான் நானும் மாறினேன். என் 11 வருட அனுபவத்தில் 8 வருடத்தைத்தான் சம்பளத்துக்குக் கணக்கில் எடுத்தார்கள். அப்படியும் ஆண்டுக்கு 6,000 டாலர் கூடுதல்தான். ஆனால் பழைய மாவட்டம் முழுதாகக் கட்டிவந்த குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இங்கே மாதம் 700 டாலர் பிடித்தம். முதல் சம்பளச் சீட்டைச் சமையலறை மேசையில் வைத்து மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் நட்டம்தான்.

அதைவிட வயிற்றைக் கலக்கியது வேறு. நிரந்தரப் பணி நம்மோடு கூட வராது. புது மாவட்டத்தில் மறுபடி இரண்டு வருடத் தகுதிகாண் பருவம். இரண்டாம் வருடம் மார்ச் 15-க்குள், காரணமே சொல்லாமல் ‘அடுத்த ஆண்டு வேண்டாம்’ என்று கடிதம் நீட்டலாம். அந்த மார்ச்சில் தபால் பெட்டியைத் திறக்கவே கை நடுங்கியது.

ஓய்வூதியம் பற்றிப் பயம் வேண்டாம், ஆசிரியர்களுக்கான ஓய்வூதிய அமைப்பான கால்ஸ்டர்ஸ் (CalSTRS) மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. சேர்த்துவைத்த மருத்துவ விடுப்பையும் மாற்றிக்கொள்ளலாம்.

எத்தனை வருடம் கணக்கில் எடுப்பீர்கள், காப்பீட்டில் மாவட்டத்தின் பங்கு எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டேன்.