'ஏழு நட்சத்திர ஹோட்டல்': அப்படி ஒரு தகுதியே இல்லை

"ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுப்பது ஐ.நா.; துபாயின் புர்ஜ் அல் அராப் மட்டுமே ஏழு நட்சத்திரம் வாங்கியது" என்று ஒரு தகவல் பகிரப்பட்டு வருகிறது. இரண்டுமே தவறு.

1999-இல் திறக்கப்பட்ட அந்த ஹோட்டலின் அதிகாரப்பூர்வத் தகுதி ஐந்து நட்சத்திரம்தான். 'ஏழு' என்பது பத்திரிகைப் புகழ்ச்சியாகக் கிளம்பி ஒட்டிக்கொண்ட சொல்.

உலகுக்கெல்லாம் பொதுவான அளவுகோல் கிடையாது. இந்தியாவில் சுற்றுலா அமைச்சகம் வகைப்படுத்துகிறது. ஜெர்மனியில் ஹோட்டல், உணவகத் தொழில் சங்கமே வழங்குகிறது. பிரான்ஸில் இரண்டும் கலந்த ஏற்பாடு: விதிகள் அரசுடையவை, ஆனால் நேரில் வந்து அறையின் பரப்பையும் வசதிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவர்கள் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வாளர்கள். ஐந்தாண்டு கழிந்தால் மறுபடி ஆய்வு. அங்கே ஐந்தாவது நட்சத்திரம் வந்ததே 2009-இல்தான்! ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இது கட்டாயமும் இல்லை. நட்சத்திரமே இல்லாத நல்ல ஹோட்டல்கள் உண்டு.

பயணிகள் ஏமாறக்கூடிய இடம் வேறு. முன்பதிவுத் தளங்களில் தெரியும் நட்சத்திரங்களில் சில, ஹோட்டல்கள் தாமே அறிவித்துக்கொண்டவை. பணம் கட்டுமுன் யார் கொடுத்தது, எந்த ஆண்டு கொடுத்தது என்று கேளுங்கள்.