கண்ணாடி மாறலாம், டயல் மாறக் கூடாது

அக்கா மகன் நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். இரண்டும் சீக்கோ 6309-7040, பழைய டைவ் வாட்ச், தண்ணீருக்கடியில் முங்குகிறவர்கள் கட்டுவது. ஒன்றுக்கு விலை 42,000, "முழு ஒரிஜினல், கை படாதது" என்று எழுதியிருந்தது. இன்னொன்று 19,000. கண்ணாடி, பெசல் தகடு (கண்ணாடியைச் சுற்றித் திருகுகிற வளையத்தின் மேல் தகடு), கீ (பக்கவாட்டில் திருகுகிற குமிழ்) மாற்றியது என்று விற்பவரே சொல்லியிருந்தார். "எது வாங்கலாம் மாமா?" என்று கீழே ஒரே வரி. பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

வேலூர்ப் பக்கம் டைவ் வாட்ச் பேச்செடுத்தால் சிரிப்பார்கள். நியாயம்தான். 2021 நவம்பர் வெள்ளம் மாதிரி எப்போதாவது வருவதைத் தள்ளிவிட்டால் பாலாறு எங்களுக்கு மணல்தான். 150 மீட்டர் ஆழம் தாங்கும் வாட்சைக் கட்டிக்கொண்டு குடியாத்தம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அந்த வாட்சிடம் ஒழுங்காக வேலை வாங்கிய ஒருவரை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

பெரிய மாமா 1983இல் சவூதியிலிருந்து வந்தபோது கையில் கட்டியிருந்தது இதே 6309-7040. கிழமை இங்கிலீஷிலும் வரும், அரபியிலும் வரும். ஊரில் அதுவரை எச்எம்டிதான், கொஞ்சம் வசதியானவர் கையில் பேவர் லூபா. அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார். மும்முனை கரண்ட் இருக்கிற நேரத்தை முறை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் போட்டதும் மாமா பெசலைத் திருகி, பன்னிரண்டில் இருக்கும் புள்ளியைப் பெரிய முள்ளுக்கு நேரே கொண்டுவந்து வைப்பார். பெசல் தகட்டில் முதல் 20 நிமிஷத்துக்கு மட்டும் நிமிஷத்துக்கு ஒரு கோடு உண்டு. தண்ணீருக்கடியில் இருப்பவன் எண்ணிக்கொள்வதற்காகப் போட்ட கோடு. மாமாவுக்கு அது பாத்தி நிரம்புகிற கணக்கு. சின்ன மாமி "எங்க முறை இன்னும் வரலையா" என்று வரப்பில் வந்து நின்றால் பேச மாட்டார், கையை நீட்டி வாட்சைக் காட்டுவார். புட் வால்வு அடைத்துக்கொண்டால் அப்படியே கிணற்றில் இறங்குவார். வாட்சைக் கழற்றிவைத்து நான் பார்த்ததில்லை.

அப்படி உழைத்த வாட்ச் எப்படி இருக்கும்? கண்ணாடி இரண்டு தடவை மாறியது, ஒரு தடவை பைப் ஸ்பேனர் பட்டு. பெசல் தகடு மாறியது. நொடி முள் மாறியது. கீ மாறியது. ரப்பர் வாஷர் எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஆனால் டயல் அதேதான். ரேடியம் புள்ளிகள் பழைய நெய் நிறத்துக்கு வந்துவிட்டன. (இருட்டில் மின்னுகிற எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ரேடியம்தான் பெயர். நிஜ ரேடியத்தை வாட்ச் கம்பெனிகள் 1960களிலேயே கைவிட்டுவிட்டன, இதில் அது கிடையாது.) கேஸில் (வாட்சின் வெளிக்கூட்டில்) கீறல் நிறைய, ஆனால் பாலிஷ் மிஷின் பக்கமே போனதில்லை.

இந்த வாட்சை ஒரு சேகரிப்பாளரிடம் காட்டினால் "பார்ட்ஸ் மாத்தியிருக்கே" என்று உதட்டைப் பிதுக்குவார். எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது. தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க இந்த வாட்சில் பின்மூடி, கண்ணாடி, கீ என்று மூன்று இடத்தில் ரப்பர் இருக்கிறது. ரப்பர் சில வருஷத்தில் இறுகும், அப்புறம் வெடிக்கும். அதனால் தேயத் தேய மாற்றிக்கொள் என்றே செய்த சாமான் இது. நாற்பது வருஷமாக எதுவுமே மாறவில்லை என்று ஒருவர் சொன்னால் அர்த்தம் இரண்டில் ஒன்றுதான். வாட்ச் பீரோவிலேயே கிடந்திருக்க வேண்டும், இல்லை அவர் பொய் சொல்ல வேண்டும். பீரோவில் கிடந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரிஜினல் ரப்பரை நம்பி முகம் கழுவக்கூட முடியாது.

பொய் சொல்கிறவரிடம் நானே மாட்டியிருக்கிறேன். ஆறு வருஷம் முன்னால், மாமா வாட்சைப் போலவே ஒன்று வேண்டும் என்ற ஆசையில் ஆன்லைனில் 18,000 கொடுத்து வாங்கினேன். "ஃபுல் ஒரிஜினல் சார், கேரண்டி" என்று போனில் சத்தியம் செய்தார். வந்த வாட்சின் டயல் நேற்று அச்சடித்தது போல் கன்னங்கரேலென்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். லாங்கு பஜார் பக்கம் எனக்குப் பழக்கமான வாட்ச் மெக்கானிக் பாயிடம் பெருமையாக எடுத்துப்போனேன். அவர் கண்ணில் லென்ஸை மாட்டினார், பின்மூடியைத் திறந்தார், பேசவில்லை. மெஷினை வெளியே எடுத்து டயலை நகத்தால் லேசாக நெம்பினார். கையோடு வந்துவிட்டது. டயலின் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு கால்களை யாரோ வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் 6309 என்று தொடங்கும் நம்பர் இருக்க வேண்டும், அது இல்லை. மெஷின் 6309தான், ஆனால் அதே 6309 மெஷின் சாதாரண ஆட்டோமேட்டிக் வாட்சிலும் வந்திருக்கிறது. "இது அந்த மாதிரி ஒண்ணுல இருந்து கழட்னது தம்பி" என்றார் பாய். "ஓடும். நல்லாவே ஓடும். ஆனா இது வாட்ச் இல்ல, கூட்டணி."

ஓடத்தான் செய்தது. அதற்குப் பிறகு அதைக் கையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாட்சிலும் பாகம் மாறியிருக்கிறது. அப்புறம் ஏன் மாமாவுடையது இனிக்கிறது, இது கசக்கிறது? பொய் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் டயல். கண்ணாடியும் வாஷரும் பைக்குக்கு டயர் மாதிரி. ஆர்எக்ஸ் 100 வாங்குகிறவன் டயர் 1990இல் போட்டதா என்று கேட்பதில்லை, இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும்தான் பார்ப்பான். வாட்சில் அந்த இடம் டயலுக்கும் கேஸுக்கும். டயலுக்கு மறுபடி வண்ணம் அடித்தால் பழைய அச்சு திரும்பி வராது. கேஸைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போன விளிம்பு போனதுதான். மற்ற எதையும் திரும்ப மாற்றிக்கொள்ளலாம், இந்த இரண்டில் மட்டும் வழியில்லை. நம் நாட்டில் மும்பையில் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"அப்போ ஒரிஜினலுக்குக் கொட்டிக்கொடுக்கிற ரோலக்ஸ் ஆட்கள் எல்லாம் பைத்தியமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே நடந்தது வேறு கூத்து. ரோலக்ஸின் டைவ் வாட்சான பழைய சப்மரீனர் டயலில், இருட்டில் மின்னுவதற்கு ட்ரிட்டியம் பூசியிருக்கும். 12.3 வருஷத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். இருபத்தைந்து வருஷத்தில் கால்வாசி. இருட்டில் நேரம் தெரியாத டைவ் வாட்ச் எதற்கு என்று சர்வீஸுக்கு வந்தபோது கம்பெனியே புது டயல் போட்டுக் கொடுத்தது. அன்றைக்கு அது சரியான வேலை. இன்று அந்தப் பழைய மங்கின டயலுக்குத்தான் விலை. ஏலக் கடைகள் விலையை ஏற்ற ஏற்ற, ஒரிஜினல் என்ற சொல்லும் ஒரு சரக்காகிவிட்டது. சரக்கு என்று ஆனால் போலி வராமல் இருக்குமா? 1957ஆம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 2021 நவம்பரில் ஜெனீவாவில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போனது. அது பல வாட்சுகளின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று 2023இல் வெளியே வந்தது, ஒமேகாவே ஒப்புக்கொண்டது. அந்த மேடையிலேயே இந்தக் கதி என்றால், ஒரு மூலையில் உட்கார்ந்து போன் திரையில் படம் பார்த்து நாம் "முழு ஒரிஜினல்" வாங்கப்போகிறோமாம்.

கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் உள்ளே சாமி இல்லை, பூஜை இல்லை. கல்லும் யாளியும் அப்படியே இருந்தன, பார்த்துவிட்டுப் போவார்கள். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று எண்ணெய்ப் பிசுக்கு, கற்பூரப் புகை, டியூப் லைட் எல்லாம் இருக்கிறது. சிற்பம் பார்க்க வருகிற நண்பர் ஒருவர் அதைச் சொல்லி வருத்தப்படுவார். என் அம்மாவுக்கு அந்த வருத்தமே புரியாது. நான் அம்மா கட்சி.

டேய், உனக்குப் பதில் இதுதான். 19,000 வாட்சைப் பார். வாங்குவதற்கு முன் மூன்று படம் கேள். டயலின் அடி ஓரம், பொடி எழுத்து தெரிகிற மாதிரி. பின்மூடி திறந்த மெஷின். கேஸின் பக்கவாட்டு விளிம்பு. பின்மூடியில் இருக்கும் சீரியலின் முதல் எண் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். மாமாவுடையது 25 என்று தொடங்கும், அதாவது 1982 மே. இந்த மாடல் 1976 முதல் 1988 வரை வந்ததால் 6, 7, 8 என்று தொடங்கினால் மட்டும் இரண்டு வருஷத்துக்கும் பொருந்தும், குழம்பாதே. நம்பர் ஒரு காலத்தைச் சொல்லி டயல் வேறு காலத்தைச் சொன்னால் விட்டுவிடு. முள்ளின் ரேடியம் வெள்ளை, டயலின் ரேடியம் மஞ்சள் என்றால் முள் மாறியிருக்கிறது. கேட்டால் விற்பவர் "ஆமாம்" என்று சொல்கிறாரா, மழுப்புகிறாரா பார். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் காசு கொடுக்காதே. வந்ததும் பாயிடம் வாஷர் மாற்றிக்கொள், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வை. வாட்சைப் பிற்பாடு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற யோசனை இருந்தால் உன் அப்பாவிடம் சொல்லி காட்பாடிப் பக்கம் அரை கிரவுண்டு பார்க்கச் சொல்.

மாமாவுக்கு இப்போது 76. போன பொங்கலுக்கு வாட்சை என் கையில் கட்டிவிட்டார். கூடவே ஒரு பிலிம் ரோல் டப்பா. உள்ளே உடைந்த கண்ணாடி, பழைய கீ, கறுப்புப் போய்ச் சாம்பலாகிவிட்ட அந்த முதல் பெசல் தகடு. சர்வீஸுக்குக் கொடுத்தபோது பாய் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தச் சாம்பல் நிறத்துக்கு இப்போது தனி மவுசு, அதையே திரும்பப் போட்டுவிடட்டுமா என்றார். எனக்கும் ஆசைதான். எதற்கும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று கடையிலிருந்தே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"அத்த ஏன்டா போடற? அதுல இருபது நிமிஷத்து கோடெல்லாம் அழிஞ்சி பூட்ச்சி. மோட்டாருக்கு ஆவாது" என்றார்.