கே.வி.குப்பத்தைக் காணவில்லை

காலை பத்தரைக்கு, கிளைகளின் பில் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, கே.வி.குப்பம் கிளையிலிருந்து போன். "சார், மூன்று நாளாக எங்கள் பில்லில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'தகவல் இல்லை' என்று அச்சாகிறது. நாங்கள் இருக்கிறோமா, இல்லையா?"

நியாயமான கேள்வி. காட்பாடி இருக்கிறது, குடியாத்தம் இருக்கிறது, பேரணாம்பட்டுகூட இருக்கிறது. நடுவில் இந்த ஊரை மட்டும் பூமி விழுங்கிவிட்டதா?

தரவுத்தளத்தில் பார்த்தேன், முகவரி குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சர்வர் ஒழுங்காக அனுப்புகிறது. உலாவிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மதியம் இரண்டு மணி, வேலூர் வெயில், மின்விசிறி அனலை வாரி இறைக்கிறது, நான் ஒரே வரியை நாற்பதாவது முறையாகப் படிக்கிறேன்: 'கிளைகள்.கே.வி.குப்பம்.முகவரி'.

புள்ளி! பாதையைச் சொன்னால் தரவுக்குள் போய் மதிப்பை எடுத்து வரும் அந்தப் பாழாய்ப்போன 'கெட்' (லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் கருவி) இருக்கிறதே, அதற்குப் புள்ளி என்றால் அடுத்த அறையின் கதவு. கிளைகளுக்குள் நுழைந்து 'கே' இருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறது. அப்படி யாரும் இல்லை. சரி, இல்லையென்றால் ஒரு சத்தம் போட வேண்டாமா? போடாது. அதுதான் பாதுகாப்பான முறையாம்! நாம் கொடுத்து வைத்த 'தகவல் இல்லை'யைப் பவ்வியமாக நீட்டிவிட்டு நகர்ந்துவிடும். புள்ளி வைத்து நேரடியாகப் படிக்கும் பழைய வழியில் எழுதியிருந்தால், முதல் பில்லிலேயே 'அன்டிஃபைன்டுக்குள் (அப்படி ஒன்றே இல்லை என்பதற்கான குறி) எதைப் படிப்பது' என்று திரை சிவந்து அலறியிருக்கும்.

அதோடு விட்டதா? போன் எண் இல்லாத கிளைகளுக்கு 'நல்' (null, காலி என்று குறித்து வைத்த மதிப்பு) என்றே அச்சாகியிருக்கிறது. மாற்று மதிப்பு, அதாவது அந்த 'தகவல் இல்லை', அன்டிஃபைன்டுக்கு மட்டும்தானாம். நல் வந்தால் கைகட்டி நிற்குமாம். நம் பாலாறு கதைதான்: தண்ணீர் இல்லை, ஆனால் ஆறு இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. ஜாவாஸ்கிரிப்டிலேயே 2020 முதல் இருக்கும் இரட்டைக் கேள்விக்குறி (??) அன்டிஃபைன்டு, நல் இரண்டையும் பிடித்து மாற்று மதிப்பைக் கொடுத்துவிடும். யார் கேட்கிறார்கள்? "பாதையைச் சரமாக, ஒரே எழுத்துத் தொடராக எழுதினால் எவ்வளவு அழகு, அண்ணா" என்று போன மாதம் பூரித்த, கூட வேலை பார்க்கும் தம்பியா?

அவனிடம் பொறுமையாகச் சொன்னேன். பாதையை அணியாக, அதாவது தனித்தனித் துண்டுகளின் வரிசையாகக் கொடு, ஊர்ப்பெயர் உடையாமல் ஒரே துண்டாக நிற்கும். தலையாட்டினான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்தும்விட்டான். எப்படி? ஊர்ப்பெயரிலிருந்த புள்ளிகளையே அழித்துவிட்டான்!

ஐந்து மணிக்கு மீண்டும் போன். "சார், முகவரி வந்துவிட்டது. ஊர்தான் 'கேவிகுப்பம்' ஆகிவிட்டது."

சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது? அந்த டீயிலாவது சர்க்கரை இருந்ததா? கேட்டால், "போட்டேனே சார்" என்கிறார் கடைக்காரர்.