இ.இ.ஜி. எடுத்தால் மூளைக்குள் கரண்ட் போகுமா?

"இ.இ.ஜி. எடுக்கும்போது மூளைக்குள் கரண்ட் பாய்ச்சுகிறார்கள், குழந்தைக்கு ஞாபகசக்தி போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இதை நம்பி, வலிப்பு வந்த பிள்ளைக்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இ.இ.ஜி. என்பது தலையில் ஒயர்களை ஒட்டி, மூளையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்யும் பரிசோதனை. அந்த ஒயர்கள் எதையும் உள்ளே அனுப்புவதில்லை. மூளையின் வெளி அடுக்கான புறணியில் ஏராளமான நரம்பணுக்கள் ஒருசேர இயங்கும்போது எழும் மின்னழுத்தத்தைப் பதிவு மட்டுமே செய்கின்றன. மண்டையோட்டைத் தாண்டி வரும்போது அது சுமார் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். ஒரு டார்ச் பேட்டரி 1.5 வோல்ட், 100 மைக்ரோவோல்ட் அதில் 15,000-இல் ஒரு பங்கு! அதனால்தான் பெருக்கிப் பார்க்கிறார்கள். 1924-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனிதரிடம் முதன்முதலில் பதிவு செய்ததும் இதைத்தான்.

சரி, கரண்ட் கதை எப்படி வந்திருக்கும்? நரம்புகள் சிக்னலை எப்படிக் கடத்துகின்றன என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையில் சுள்ளென்று சின்ன மின்தூண்டல் கொடுப்பது உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கை, கால் நரம்புகளுக்கு, வேறு பரிசோதனை.