பழகிடுமாம்!

"பன்னெண்டு கம்பின்னா எல்லாம் ஒரே நெக்தான்ண்ணே. பழகிடும்."

கிட்டார் விற்கிற கடையில் நின்றுகொண்டு, பன்னிரண்டு கம்பி கிட்டாரைப் பற்றி ஒருத்தன் இதைச் சொல்கிறான். நேற்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

ஒரே நெக்காம்! நெக் என்றால் கையால் பிடிக்கிற கிட்டாரின் கழுத்து. அதன் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்குகிற சின்னப் பட்டைதான் நட். 6 கம்பிக்கு நட் அகலம் 43, 44 மி.மீ. சுற்றி நிற்கும். அதோடு இன்னும் 6 கம்பியைத் திணிக்க டெய்லர் கிட்டார் கம்பெனிக்காரன் 47.6 வைக்கிறான். யமஹாவின் எஃப்ஜி820-12 மாடல் என்றால் 46. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்பவர்கள், ஜோடி ஜோடியாகக் கம்பியை அமுக்கிக்கொண்டு பக்கத்து ஜோடியைத் தொடாமல் நிற்க வேண்டிய விரலிடம் கேட்டுப் பார்க்கட்டும். சரி, அகலமாவது எங்கேயாவது எழுதியிருக்கும். பின்பக்கம்? உள்ளங்கையில் உட்காருகிற அந்த வளைவு? ஒன்று 'சி' மாதிரி உருண்டிருக்கும், ஒன்று 'டி' (D) மாதிரி தட்டையாய்த் தோள் விரிந்திருக்கும், பழைய வாத்தியம் சிலதில் 'வி' மாதிரி நடுவில் முகடே இருக்கும். நட் அகலம் அச்சு அசலாய் ஒன்றாக இருக்கிற இரண்டு கிட்டாரில் ஒன்று கைக்குள் அடங்கும், இன்னொன்று உலக்கை மாதிரி நிற்கும். இதை எந்த விலைச்சீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? சன்பர்ஸ்ட் நிறத்துக்கு மட்டும் விதவிதமாய்ப் பெயர் வைக்கத் தெரிகிறது. நெக்குக்கு வந்தால் 'வசதியானது'. யாருக்குடா வசதி?

நடந்ததைச் சொல்கிறேன். கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு பேரங்காடியின் மேல்மாடிக் கடை. இரண்டு பன்னிரண்டு கம்பி கிட்டார், சுவரில், கூரையை ஒட்டி. விற்கிற பையன் நம்ம தமிழ்ப் பையன்தான். "தம்பி, அந்த ரெண்டோட நெக் வடிவம் என்ன?" என்றேன். கைப்பேசியை எடுத்தான், தள்ளினான், தள்ளினான். "டாப் சாலிட் ஸ்ப்ரூஸ்ண்ணே." நான் டாப், அதாவது முன்பலகை, கேட்கவில்லை. "பிக்கப் இருக்குண்ணே. பேக் ஃப்ரீ." நெக், தம்பி, நெக். "நெக் மஹோகனி." மரம் இல்லப்பா, வடிவம். மேலே அண்ணாந்து ஒரு முறை பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்துவிட்டுச் சொன்னான்: "நீட்டமா இருக்குண்ணே."

நீட்டமா இருக்கு.

கீழே இறக்கு, நானே பிடித்துப் பார்க்கிறேன் என்றேன். வாங்குறீங்களா என்றான். பிடிக்காமல் எப்படிப்பா வாங்குவது? வாங்குறதா இருந்தாதான் இறக்குவோம். இறக்கினால்தானே வாங்குவேன்! இப்படியே நாங்கள் இருவரும் கோயில் பிரகாரம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு, நீளக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து, நெஞ்சு படபடக்க வைத்து, ஒன்றை இறக்கினான். கம்பியெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. டியூன் பண்ணட்டுமா என்றால், "கம்பி அறுந்தா நீங்க காசு கட்டணும்ண்ணே." அந்த மெல்லிசு 'ஜி' கம்பி, தலைமுடி மாதிரி இருப்பது, கொஞ்சம் முறைத்தாலே அறுந்துவிடும் என்று ஊருக்கே தெரியும். கம்பி தளர்ந்திருக்கும்போது நெக் எப்படி நிற்கும், முறுக்கினால் எவ்வளவு வளையும் என்று நான் ஜோசியம் பார்க்க வேண்டுமா?

அப்போதுதான் அந்தப் பொன்மொழி உதிர்ந்தது. பழகிடும்.

6 கம்பி லைட் செட், அதாவது மெல்லிசுக் கம்பி செட், முறுக்கினால் நெக்கை ஏறத்தாழ 75 கிலோ இழுக்கும். பன்னிரண்டு என்றால் 110 கிலோவுக்குப் போகும். அந்த இழுப்புக்கு ஒவ்வொருத்தன் ஒவ்வொரு வழி கண்டான். மரத்தைத் தடியாய் விட்டவன் உண்டு. கில்டு கம்பெனி நெக்குக்குள் அது வளையாமல் இருக்க ஒன்றுக்கு இரண்டாய் இரும்புத் தண்டு வைத்தது. அந்தக் கால அமெரிக்கப் பாடகர் லெட் பெல்லி தன் ஸ்டெல்லா கிட்டாரைச் சுருதி வெகுவாக இறக்கியே வாசித்தார். விரல்பலகையின் வளைவுகூட டெய்லரில் 15 அங்குல ஆரம், மார்ட்டின் கம்பெனியில் 16. ஒரு விரலை நீட்டிப் படுக்க வைத்துப் பன்னிரண்டையும் சேர்த்து அமுக்குகிறவனுக்குத் தெரியும் அதன் அருமை. இத்தனை பேர் இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது எதற்கு? இவன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். பேசாமல் அவர்களுக்கும் போய்ச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. கிட்டாருக்கு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கணும் என்பார்கள். நம் கோலாலம்பூர் காற்றில் துணியே காயாது. இந்த மகராசர்கள் கடையை அடைத்ததும் ஏர்கானை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மரம் ராத்திரியெல்லாம் ஊதும், பகலெல்லாம் சுருங்கும். கொஞ்ச நாளில் டாப் புடைத்து, ஆக்ஷன், அதாவது விரல்பலகையிலிருந்து கம்பி நிற்கிற உயரம், ஏறி, நல்ல நெக்கும் கெட்ட நெக்காகிவிடும். அதுவும் பழகிடும் போல.

இன்னொன்றையும் இறக்கச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவன் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எனக்கும் பசி. கீழே மாமாக் கடையில், அதான் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர், குராங் மானிஸ், சீனி குறைவு என்று தெளிவாகத்தான் சொன்னேன், இரண்டு தரம். வந்தது பாகு. பாகுதான், கரண்டி நிற்கும். குறைத்துப் போடு என்றால் இந்த ஊரில் யாருக்குமே ஏன் காது கேட்பதில்லை? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ரொட்டி சானாய்க்குப் பருப்புக் கேட்டிருந்தேன். மீன் குழம்பு வந்தது.