நான்கு பேருக்கும் ஒரே கடிகாரம்

போகிமான் ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளின் ஏழு நட்சத்திர டெரா ரெய்டுகளில் குழுக்கள் ஏன் தோற்கின்றன என்று யாராவது கேட்டால் என் பதில் ஒன்றுதான்: நான்கு பேரும் அடிப்பதற்கென்றே வருகிறார்கள். நூறாம் நிலை, அரிய போகிமான், பயங்கரமான தாக்குதல் எல்லாம் இருக்கும். ஆனால் காப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார். பாதிப் போர் முடிவதற்குள் நேரப் பட்டை காலியாகிவிடும், நான்கு பேரும் குகைக்கு வெளியே வந்து நிற்பார்கள். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த விளையாட்டை ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பர் 18 அன்று நின்டெண்டோ ஸ்விட்சில் இவ்விரு விளையாட்டுகளும் வெளியாயின. டெரா ரெய்டு என்பது நான்கு பேர் ஆளுக்கொரு போகிமானுடன் சேர்ந்து ஒரே ஒரு பெரிய போகிமானை எதிர்க்கும் போர். ஏழு நட்சத்திர ரெய்டுகள் எப்போதும் கிடைக்காது. அறிவிக்கப்பட்ட சில நாள்களுக்கு மட்டும் வரும். எதிரி நூறாம் நிலையில் இருக்கும். வென்றால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒருவருக்கு ஒன்றுதான்.

முந்தைய ஸ்வோர்ட், ஷீல்டு விளையாட்டுகளில் விதி வேறு. குழுவில் நான்காவது முறை யாராவது மயங்கி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இங்கே அப்படி எண்ணிக்கை கிடையாது. நம் போகிமான் விழுந்தால் சில நொடிகள் காத்திருந்து முழு பலத்துடன் திரும்பலாம். அதைப் பார்த்துப் பலர், விழுந்தால் என்ன, மீண்டும் எழுந்து அடிக்கலாமே என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை விழும்போதும் பொதுவான நேரப் பட்டையிலிருந்து ஒரு துண்டு பறிபோகிறது. அது விழுந்தவருடைய நேரம் மட்டுமில்லை, மற்ற மூவருடைய நேரமும்கூட. அதோடு, அதுவரை பாடுபட்டு உயர்த்திய தாக்குதல் பலம் எல்லாம் மறைந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இந்த ரெய்டில் குழுவுக்கு நாம் தரக்கூடிய முதல் உதவி விழாமல் நிற்பது. எவ்வளவு அடித்தோம் என்பது அதற்குப் பிறகுதான்.

முதல் ஏழு நட்சத்திரச் சவாலாக 2022 டிசம்பரில் சாரிசார்ட் வந்தது. அந்த வார இறுதியை நான் மறக்க மாட்டேன். சாரிசார்ட் என்றால் நெருப்பு, நெருப்பென்றால் தண்ணீர், எனவே நீர் வகை போகிமான்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். ஆனால் டெரா உருவம், அதாவது படிகம்போல் மின்னும் உருவம், எடுக்கும் போகிமான் தன் பழைய வகையை விட்டு வேறொரு வகையாக மாறலாம், அதுதான் டெரா வகை. வந்திருந்த சாரிசார்ட்டின் டெரா வகை டிராகன். அடி வாங்கும்போது அதை முழு டிராகனாகத்தான் கணக்கில் கொள்ள வேண்டும், டிராகனுக்கோ நீர்த் தாக்குதல் பாதிதான் உறைக்கும். அதே சமயம் அது அடிக்கும்போது பழைய நெருப்பும் பறக்கும் வகையும் தம் கூடுதல் பலத்தை இழப்பதில்லை. சன்னி டே போட்டு வெயிலைக் கொண்டுவந்தால் நெருப்பு இன்னும் கூடும், நீர் இன்னும் குறையும்.

அதனால் ஒரு ரெய்டுக்குப் போகிமானைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அது எதனால் நம்மை அடிக்கும்? எதனால் அடித்தால் அதற்கு வலிக்கும்? இரண்டுக்கும் ஒரே போகிமான் விடையாக அமைவது அரிது. சாரிசார்ட்டுக்கு அப்படி அமைந்ததுதான் அசூமரில். நீரும் ஃபேரியும் கலந்த போகிமான் அது. டிராகன் தாக்குதல் அதைத் தொடவே தொடாது, நெருப்பு பாதிதான் தாக்கும், அதன் பிளே ரஃப் என்ற ஃபேரி அடியோ டிராகனை நொறுக்கும். வெயிலால் நீர்த் தாக்குதல் குறைந்தாலும் ஃபேரி அடிக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்து சின்டரேஸ் ஃபைட்டிங் டெராவுடன் வந்தபோது அதே போன்ற விடையாக ஸ்லோப்ரோ நின்றது. நீரும் சைக்கிக்கும் கலந்த அது நெருப்பையும் ஃபைட்டிங்கையும் ஒருசேரத் தாங்கும், ஸ்லாக் ஆஃப் போட்டுத் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும்.

அப்படியானால் நான்கு அசூமரில் போதுமே என்று தோன்றலாம். இங்கேதான் எனக்கும் பல நண்பர்களுக்கும் வாக்குவாதம் வரும். அசூமரிலின் முழு பலமும் பெல்லி டிரம் என்ற ஒரு செயலில் இருக்கிறது. தன் எச்பியில், அதாவது உயிர் அளவில், பாதியைக் கொடுத்துத் தாக்குதலை உச்சத்துக்குக் கொண்டுபோகும். அந்தக் கணத்தில் பாதி உயிருடன் நிற்கும் அசூமரில் மீது சாரிசார்ட்டின் ஹரிக்கேன் விழுந்தால் கதை முடிந்தது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் டிரம் அடித்தால் நான்கு பேரும் பாதி உயிருடன்தான் நிற்பார்கள், தூக்கி நிறுத்த எவரும் மிஞ்ச மாட்டார்கள். நான் பார்த்த நல்ல குழுக்களில் நடந்தது வேறு. முதல் முறையிலேயே ஒருவர் தாக்குவதற்குப் பதிலாகத் தற்காப்புச் சியர், அதாவது குழுவின் தற்காப்பை உயர்த்தும் உற்சாகக் குரல், கொடுத்துவிடுவார். அதன் நிழலில் அசூமரில் டிரம் அடிக்கும். உடனே இன்னொருவர் குணமாக்கும் சியர் கொடுப்பார். மூன்றாமவர் ஸ்கிரீச் போட்டு எதிரியின் தற்காப்பைக் குலைத்திருப்பார். பிறகு விழும் ஒரே ஒரு பிளே ரஃப், நான்கு பேர் தனித்தனியாக அடித்த அடியைவிடப் பெரிதாக இருக்கும். திரையில் ஒரு போகிமான் அடிப்பதுபோல் தெரியும், அந்த அடிக்குள் நான்கு பேருடைய வேலையும் இருக்கும்.

சியர் என்பதைப் பலர் மறந்தே போகிறார்கள். தாக்குதலை உயர்த்த, தற்காப்பை உயர்த்த, எல்லோரையும் குணமாக்க என்று மூன்று விதம். ஒரு போரில் ஆளுக்கு மூன்று முறை கொடுக்கலாம். இதற்கு எந்த அரிய போகிமானும் வேண்டாம், எந்தப் பயிற்சியும் வேண்டாம். அதைத் தொடாமலே போரை முடித்துத் தோற்கிற குழுவைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கும்.

நேரமும் முக்கியம். எதிரி ஒரு கட்டத்தில் கேடயம் எழுப்பும். அதன் பிறகு ஸ்கிரீச் போன்றவை அதன்மீது பலிக்காது, டெரா உருவம் எடுக்காதவர்களின் அடி மிகவும் குறைந்துவிடும். டெரா உருவம் எடுக்க மூன்று முறையாவது தாக்கியிருக்க வேண்டும். ஆகவே கேடயத்துக்கு முந்தைய சில நிமிடங்கள்தான் குழுவின் உண்மையான சோதனை. எதிரியைப் பலவீனப்படுத்துவதாக இருந்தால் அப்போதே செய்துவிட வேண்டும். இடையில் அது நம் பக்கத்து உயர்வுகளையெல்லாம் ஒரே வீச்சில் அழிக்கும், தன்மீது நாம் ஏற்றிய குறைகளையும் உதறிவிடும். அதைக் கண்டு சோர்ந்து ஆட்டத்தை விட்டு வெளியேறுகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் நிதானமாக மீண்டும் தொடங்கும் குழுதான் வெல்கிறது.

காக்கும் வேலைக்கு நான் எப்போதும் சிபாரிசு செய்வது பிளிஸ்ஸி. அதன் அடிப்படை எச்பி 255. லைட் ஸ்கிரீன் போட்டு எதிரியின் சிறப்புத் தாக்குதல்களை (உடல் பலத்தால் அல்லாமல் சிறப்பு ஆற்றலால் விழும் அடிகளை) மட்டுப்படுத்தும், லைஃப் டியூ, ஹீல் பல்ஸ் கொண்டு தோழர்களைத் தேற்றும். சாரிசார்ட் மாதிரிச் சிறப்புத் தாக்குதலை நம்பியிருக்கும் எதிரிக்கு எதிரே மலைபோல நிற்கும். சின்டரேஸ்போல உடல் பலத்தால் அடிப்பவற்றிடம் அதைக் கொண்டுபோகக் கூடாது, அதன் தற்காப்பு மிக மெல்லியது. பிளிஸ்ஸியை வளர்ப்பதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. அடிக்கும் போகிமானுக்குச் சரியான டெரா வகை வேண்டும், அதை மாற்ற மெடாலி நகரின் உணவகச் சமையல்காரரிடம் ஒரே வகையில் 50 டெரா துண்டுகள் கொடுக்க வேண்டும். அவற்றைச் சேர்ப்பது சாமானிய உழைப்பு இல்லை. காக்கும் போகிமானுக்கு அந்தச் செலவே கிடையாது. நூறாம் நிலையும் எச்பிக்கான பயிற்சியும் இருந்தால் போதும். புதிதாக ஆட வந்தவர்கள் தங்களிடம் ஒன்றும் இல்லையே என்று ஒதுங்குகிறார்கள். அவர்களால்தான் குழுவுக்கு மிகவும் தேவையான இடத்தை மிகக் குறைந்த செலவில் நிரப்ப முடியும்.

என் சித்தி மகன் அப்படித்தான் சேர்ந்தான். அவனுக்கு ஒரு பிளிஸ்ஸியை வளர்த்துக் கொடுத்து, "நீ யாரையும் அடிக்க வேண்டாம், எங்களை விழவிடாமல் பார்த்துக்கொள்" என்று சொல்லி உட்கார வைத்தோம். வென்ற பிறகு, "அண்ணா, நான் ஒரு அடிகூட அடிக்கவில்லையே, எனக்கும் சாரிசார்ட் கிடைக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். கிடைத்தது. யார் எத்தனை அடித்தார்கள் என்று இந்த விளையாட்டு பார்ப்பதில்லை. நான்கு பேருக்கும் எதிரியைப் பிடிக்கும் வாய்ப்பு வரும், வீசிய பந்து தவறவும் தவறாது. இவ்வளவு தாராளமாக அமைத்திருக்கும் ஒரு விளையாட்டில் ஏன் எல்லோரும் அடிக்கவே துடிக்க வேண்டும்?

என் கருத்துக்கு மிகச் சிறந்த சான்று 2023 செப்டம்பரில் வந்த மியூட்டூ ரெய்டுதான். அதற்கு முன்பே எல்லோருக்கும் ஒரு மியூவை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தப் போரில் மட்டும் மியூவின் எல்லாத் திறன்களும் கூடும் என்று அறிவித்தார்கள். ஆக, எவரிடம் அரிய போகிமான் இருக்கிறது என்ற பேச்சே எழவில்லை. எல்லோர் கையிலும் ஒரே மியூ. ஆனாலும் ஒரு குழு சுலபமாக வென்றது, இன்னொரு குழு திரும்பத் திரும்ப வீழ்ந்தது. காரணம், போகிமானுக்குப் புதிய தாக்குதல்களைக் கற்றுத்தரும் தொழில்நுட்ப இயந்திரங்கள் விளையாட்டில் உண்டு, மியூவால் அவற்றில் எதையும் கற்க முடியும். ஒரு மியூ தாக்குதலை உயர்த்தும் ஸ்வோர்ட்ஸ் டான்ஸும் எதிரியின் உயிரை உறிஞ்சும் லீச் லைஃபும் கொண்டு பூச்சி வகை டெராவில் அடிக்கலாம். இன்னொன்று லைட் ஸ்கிரீன் பிடிக்கலாம். மற்றொன்று ஸ்ட்ரகிள் பக் கொண்டு மியூட்டூவின் சிறப்புத் தாக்குதலைத் தேய்த்துக்கொண்டே இருக்கலாம். பாலன் பஃப் வைத்திருக்கும் மியூ தோழனைக் குணமாக்கலாம். நான்கும் லீச் லைஃபோடு வந்து நின்றால் மியூட்டூவின் சைஸ்ட்ரைக்கைத் தாங்கிக்கொடுக்க ஆளில்லை. அந்தத் தாக்குதல் சிறப்பு வகையைச் சேர்ந்தது, ஆனால் நம் சாதாரணத் தற்காப்பைத்தான் அளவாக எடுத்துக்கொள்ளும். எனவே சிறப்புத் தற்காப்பை மட்டும் வளர்த்து வந்தவர்களுக்கு அது பலனளிக்கவில்லை, லைட் ஸ்கிரீன் மட்டும் கைகொடுத்தது. கருவி நான்கு பேருக்கும் ஒன்றே, பகிர்ந்துகொண்ட வேலைதான் வேறு. அந்த ரெய்டை வடிவமைத்தவர்களுக்கு மனமாரப் பாராட்டு சொல்கிறேன்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியும். முகம் தெரியாதவர்களோடு ஆடுவதைவிடத் தனியாக, விளையாட்டே தரும் மூன்று துணைவர்களுடன் ஆடுவது மேல் என்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. அந்தத் துணைவர்கள் விழுந்தால் நேரப் பட்டை குறைவதில்லை, மனிதர்கள் விழுந்தால் குறைகிறது. பல ஏழு நட்சத்திர ரெய்டுகளைத் தனியாகவே முடிக்கும் வழிகள் உண்டு. ஒருவர் அப்படி ஆடி மகிழ்ந்தால் அது அவருடைய உரிமை. ஆனால் அதைக் காட்டிக் கூட்டாக ஆடுவதே வீண் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. துணைவர்களுக்கு நிலைமையைப் படிக்கத் தெரியாது. அசூமரில் டிரம் அடிக்கப் போகிறது என்று உணர்ந்து அதற்கு முன் தற்காப்புச் சியர் கொடுக்க ஒரு மனிதர்தான் வேண்டும். உலகின் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் ஒருவர், என் மொழி தெரியாதவர், நான் நினைத்ததை நினைத்தபடி செய்துவிடும் அந்தக் கணத்துக்காகவே நான் இந்த ரெய்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன்.

பேச வழியே இல்லாதபோது எப்படி வேலையைப் பிரித்துக்கொள்வது என்பதுதான் உண்மையான சிக்கல். குறியீடு பகிர்ந்து நண்பர்களோடு ஆடினால் முன்கூட்டியே பேசிவிடலாம். அறிமுகமில்லாதவர்களோடு ஆடும்போது காத்திருப்புத் திரைதான் நமக்குள்ள ஒரே பேச்சு. அங்கே மற்ற மூவர் எந்தப் போகிமானைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தெரியும். மூன்று பேரும் அடிப்பவர்களாக இருந்தால் நான் என் அசூமரிலை வைத்துவிட்டு பிளிஸ்ஸியை எடுத்துக்கொள்கிறேன். யாரோ ஒருவர் ஏற்கெனவே காக்க வந்திருந்தால் அடிக்கப் போகிறேன். எல்லா ரெய்டுக்கும் அயர்ன் ஹேண்ட்ஸ் ஒன்றையே தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அது அருமையான போகிமான்தான், ஆறு நட்சத்திர ரெய்டுகளில் எத்தனையோ பேரை அது கரை சேர்த்திருக்கிறது. ஆனால் சைக்கிக், ஃபேரி, கிரவுண்டு வகைத் தாக்குதல்கள் வைத்திருக்கும் எதிரியிடம் அதைக் கொண்டுவந்தால் மற்ற மூவருடைய நேரத்தையும் சேர்த்து அழிக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு நிமிடம் எதிரியின் தாக்குதல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விளையாட்டை உருவாக்கிய கேம் ஃப்ரீக் நிறுவனத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த முறை இப்படியொரு கூட்டுப் போர் வைத்தால், காத்திருப்புத் திரையில் நான் அடிக்க வந்திருக்கிறேன், நான் காக்க வந்திருக்கிறேன், நான் எதிரியைப் பலவீனப்படுத்த வந்திருக்கிறேன் என்று காட்டும் மூன்று சிறு சின்னங்கள் கொடுங்கள். மொழி வேண்டாம், அரட்டைப் பெட்டி வேண்டாம், சிறுவர்களின் பாதுகாப்புக்கும் பங்கம் வராது. ஒரே ஒரு பொத்தானில் முடிகிற வேலை அது.